பெரிய டீச்சர் முறை, சின்ன டீச்சர் முறை

பயிற்சி வகுப்புகளில் நான் நல்ல மாணவி. தேனியில் நடந்த ஒரு பயிற்சியில், "குழந்தைகளின் முன்முயற்சியை ஊக்குவிக்க வேண்டும், ஆசிரியர்கள் கூடிப் பணியாற்ற வேண்டும்" என்று திரையில் வந்த வரியை நோட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடும் போட்டேன். மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம், "எல்லாரும் வாயை மூடுங்க." இரண்டாவது வாக்கியம் எங்கள் தலைமையாசிரியையைப் பற்றியது. அதை இங்கே எழுத முடியாது.

எனக்குக் கோபம் வரும். வரும் என்று சொல்வதுகூட அடக்கமாகச் சொல்வதுதான். காலையில் கம்பத்தில் டவுன் பஸ் ஏறும்போதே அதுவும் என்னோடு ஏறிவிடும். கண்டக்டரிடம் கொஞ்சம் செலவாகும். மிச்சம் பள்ளிக்கூடத்துக்கு.

பள்ளிக்கூடம் காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் வரும் சின்ன ஊரில் இருந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள், புதுக் கட்டடம் கடுதாசியில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஆக, ஒரே ஒரு ஹால். அதில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும். டீச்சர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியை பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். பெரிய டீச்சர் என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார், எடை என்னில் பாதி. புதிதாக வரும் அதிகாரிகள் நேரே என்னிடம் வந்து கும்பிட்டு வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள். பெரிய டீச்சருக்கு அதிலேயே என்மேல் பாதி வெறுப்பு.

மீதி வெறுப்பு சாக்பீஸால் வந்தது. பீரோ சாவி அவர் இடுப்பில் இருக்கும். நாளைக்கு இரண்டு சாக்பீஸ்தான் தருவார். என் எழுத்தோ பெரிய எழுத்து. மத்தியானத்துக்குள் இரண்டும் தீர்ந்துபோகும். ஒருநாள் மூன்றாவது கேட்டதற்கு, "எழுத்தைச் சின்னதா எழுதிப் பழகுங்க" என்றார். நான், "இதென்ன டீச்சர், உங்க வீட்டு நகையா பீரோவுல இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாயிற்று. அன்றைக்கு நின்றது பேச்சு.

மறுவாரம் அந்த இரும்பு பீரோ ஹாலுக்கு நடுவே வந்து நின்றது. அந்தப் பக்கம் பெரிய டீச்சரும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளும். இந்தப் பக்கம் நானும் மூன்று, நான்கு, ஐந்தும். ஃபேன் அந்தப் பக்கம் போய்விட்டது. ஜன்னல் என் பங்குக்கு வந்தது. பேச வேண்டியதைப் பிள்ளைகள் மூலம் சொல்லியனுப்பினோம். "பெரிய டீச்சர்கிட்ட போய், சின்ன டீச்சர் நாளைக்கு லீவுன்னு சொல்லு" என்பேன். இரண்டு எட்டுத் தூரம்தான். நான் சொல்வது அவர் காதிலேயே விழும். இருந்தாலும் பிள்ளை பீரோவைச் சுற்றிப் போய்ச் சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு சுற்றி வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வருடம் நல்ல உடற்பயிற்சி.

என் பக்கத்தில் கடைசி வரிசை மூன்றாம் வகுப்பு. அதில் ஒருத்தி வகுப்பிலேயே உயரம். இரட்டைச் சடை, முழங்காலில் எப்போதும் ஏதாவது ஒரு காயம். அம்மா திராட்சைத் தோட்டத்தில் வேலை. அப்பா ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் மாற்றிவிடுகிறவர். வாய்க்காலில் தண்ணீர் குறையும் மாதங்களில் யார் வயலுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று முறை வைத்திருப்பார்கள். அவர் மண்வெட்டியும் கைக்கடிகாரமுமாக வரப்பில் நின்று மடையை மாற்றுவார். நான் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி. எங்களுக்கு மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் மதுரை பஸ். தண்ணீருக்கு முறை என்பதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி. பாடம் நடக்கும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியாக வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதட்டுவேன், திரும்புவாள், மறுபடி பார்ப்பாள்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் அம்மா வந்தார். தலையில் துண்டு, கையில் திராட்சை வெட்டும் கத்தரி. தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தினார்.

"டீச்சர், இவ மூணாப்பு. இன்னும் பஸ்ஸுல எழுதியிருக்கதை எழுத்துக்கூட்டத் தெரியல. வேன் வருதுல்ல, அந்தப் பள்ளிக்கூடத்துல கேட்டேன். தையில அட்மிஷனாம். வாசிச்சா நாலாப்பு, வாசிக்கலேன்னா ஒண்ணாப்புலதேன் போடுவாகளாம். பொங்கலுக்குள்ள இங்கன வாசிச்சான்னா இங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா ஒண்ணாப்புன்னாலும் சரின்னு வேன்ல ஏத்திருவேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை எனக்குக் கைவந்த கலை. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். தான் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு நடுவே, அத்தனை உயரத்தோடு உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இடத்துக்குப் போனாள்.

அன்று முழுவதும் நான் எல்லார்மேலும் கோபப்பட்டேன். வேன்மேல், பெரிய டீச்சர்மேல், பீரோமேல், அந்தப் பெண்மேல். கோபம் எல்லா வாசலையும் தட்டிவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் என்னிடமே திரும்பி வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் வந்ததும் நான் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குவேன். கேட்டால் பதில் சொல்லும் பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கச் சுகமாக இருக்கும். பிறகு நான்காம் வகுப்பு. அப்புறம் செல்போனில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும். அதற்கு சிக்னல் வேண்டும். சிக்னல் தண்ணீர்த் தொட்டியின் மூன்றாம் படியில்தான் கிடைக்கும். இறங்கி வந்து மூன்றாம் வகுப்பைப் பார்த்தால் பெல் அடித்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு நான் தினமும் சொல்லிக்கொடுத்த பாடம், "பார்த்து எழுதுங்க" என்பதுதான். போன வருடம் இரண்டாம் வகுப்பாக இருந்தபோதும் இவர்கள் என்னிடம்தான், அப்போதும் இதே பாடம்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் ஒரு நோட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வயலுக்குத் தண்ணி வரல டீச்சர்" என்றாள்.

நான் அதை அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். அவள் நகரவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள். எழுத வராதவள், ஆகவே எல்லாம் படம். ஐந்து கட்டம் போட்டிருந்தாள், ஐந்து வயல்கள். இரண்டு வாய்க்கால் வரைந்திருந்தாள். ஒரு வாய்க்காலின் தலையில் சாவிக்கொத்து, இன்னொன்றின் தலையில் இரண்டு பெரிய முட்டைக்கண். சாவிக்கொத்து யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முட்டைக்கண் யார் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவள் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன். முட்டைக்கண் வாய்க்கால் தினமும் ஐந்தாவது வயலிலேயே நிரம்பி நிற்கிறது. மூன்றாவது வயல் கடைமடை, அங்கே வருவதற்குள் வற்றிவிடுகிறது. சாவிக்கொத்து வாய்க்கால் பீரோவைத் தாண்டி வருவதில்லை. அவளுக்கு அதுதான் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. ஊரில் எந்த வாய்க்கால் நடுவிலாவது பீரோ இருக்கிறதா? இரண்டு வாய்க்காலும் ஐந்து வயலுக்கும் போக வேண்டும், மணி பார்த்து மாற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாத நேரத்தில் வயல் சும்மா கிடக்காது. மேல்வயலில் நிறைந்தது கீழ்வயலுக்கு வடியும். அதாவது ஐந்தாம் வகுப்பு நான்குக்குச் சொல்லிக்கொடுக்கும், மூன்றாம் வகுப்பு இரண்டோடு உட்காரும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. எட்டு வயசுப் பிள்ளை கால அட்டவணையைத் திருத்தி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது, நான் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெரிய டீச்சர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று சொன்னேன். அவளோ, பெரிய டீச்சரிடம் நேற்றே காட்டிவிட்டதாகச் சொன்னாள். சின்ன டீச்சர்தான் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று அவர் சொன்னாராம்.

அப்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

"இந்தப் பிள்ளை சொல்றது ஒங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டார்.

"புரியுது."

"எனக்கும் புரியுது" என்றார்.

எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடமே கூடி பீரோவைத் தள்ளியது. நானும் தள்ளினேன், என் எடைக்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது. பீரோ நகர்ந்த இடத்தில் ஒன்றரை டப்பா அளவுக்குத் துண்டு சாக்பீஸ் கிடந்தது. பெரிய டீச்சர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் காட்டிய பெரிய பொறுமை அதுவாகத்தான் இருக்கும்.

முறை தொடங்கியது. ஒரு பரீட்சை அட்டையில் சாவிக்கொத்து, இன்னொன்றில் முட்டைக்கண். அட்டை எந்த வகுப்பின் முன்னால் இருக்கிறதோ அங்கே அந்த டீச்சர். மாற்றுகிற வேலை அந்தப் பெண்ணுடையது. அப்பாவின் பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது அவள் கையில் முழங்கை வரை ஏறி ஏறி இறங்கும். தொட்டிப் படியில் ஏறி வருகைப் பதிவு ஏற்றுவதற்கும் முறை வந்தது. ஒருத்தர் படியில் நின்றால் இன்னொருத்தர் ஐந்து வகுப்புக்கும் கதை சொல்ல வேண்டும்.

பெரிய டீச்சர் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுப்பதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. ஓர் எழுத்தைச் சொல்வார், பிள்ளையின் வாயையே பார்ப்பார், அது சரியாக வரும்வரை உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல உட்கார்ந்திருப்பார். இத்தனை நாளும் இரண்டு எட்டுத் தூரத்தில் இவரை வைத்துக்கொண்டு, என் மூன்றாம் வகுப்பு எழுத்துக்கூட்டத் திணறியதே என்று வயிறு எரிந்தது. என் பங்குக்கு, ஒன்றாம் வகுப்புக்கு என் பெரிய குரல் பிடித்துப்போயிற்று. நான் கதையில் புலியாக உறுமினால் பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் பெரிய டீச்சர் எனக்கு நாளைக்கு மூன்று சாக்பீஸ் தரத் தொடங்கினார். நானும் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன்.

ஒரே ஒருமுறை நான் முறை தவறினேன். ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு மாற வேண்டிய நேரம் வந்தும், பத்து நிமிஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தொடர்ந்தேன். ஆண்டிபட்டிக்காரி புத்தி. திரும்பிப் பார்த்தால் ஹாலில் சத்தமே இல்லை. எல்லா வகுப்பும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் முட்டைக்கண் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் சத்தம் போட்டேன். யாரும் அசையவில்லை. பெரிய டீச்சர் மெதுவாகச் சொன்னார், "டீச்சர், இந்த ஊர்ல எதைத் திருடுனாலும் பேசித் தீத்துக்கிருவாக. தண்ணியத் திருடுனா பொண்ணு குடுக்கமாட்டாக, எடுக்கவும் மாட்டாக." எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்ததால் தப்பித்தேன். மறுநாள் என்னுடைய முறையில் கால் மணி நேரம் கூடுதலாக மூன்றாம் வகுப்புக்கு என்று தீர்ப்பானது.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. அந்தப் பெண் வாசிக்கிறாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய டீச்சரிடம் உட்கார்ந்து கூட்டுகிறாள், சில வார்த்தை வருகிறது, சில வார்த்தையில் நின்றுவிடுகிறாள். என்னிடம் வந்தால் வாய் திறக்கமாட்டேன் என்கிறாள். என்னைக் கண்டால் எழுத்தெல்லாம் ஓடிவிடுகிறதாம், பெரிய டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் அவள் அம்மா வந்துவிட்டார். அதே துண்டு, அதே கத்தரி. "என்ன டீச்சர், வாசிக்கிறாளா? வேன்காரருக்கு இன்னைக்கு ஒரு பதில் சொல்லணும்" என்றார்.

நான் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, இருப்பதிலேயே சுலபமான பக்கத்தைத் திருப்பி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், முழங்கைக் கடிகாரத்தைப் பார்த்தாள், புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினாள்.

"இது ரெண்டாப்பு முறை டீச்சர்."

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அந்த ஹாலில் அதற்கு முன் யாரும் பார்த்திராத காட்சி அது.

"அப்படிச் சொல்லித்தேன் மேவயக்காரவுக தண்ணி எடுப்பாக" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அதை மறைக்க டீச்சர்கள் ஏதோ முறை கதை கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா கத்தரியை மடியில் செருகிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். மடை மாற்றுகிறவரின் மனைவி அல்லவா.

"முறைன்னா முறைதான டீச்சர்" என்றார். "இருக்கேன்."

அந்தப் பெண் இரண்டாம் வகுப்புப் பாய்க்குப் போனாள். அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்புக்கு வேலை அங்கேதான், ஆளுக்கு ஒரு பிள்ளையோடு. இவள் பங்குக்கு ஒரு சளிமூக்குச் சின்னவள். அது விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வார்த்தையில் சிக்கி நின்றது. இவள் சொல்லிக்கொடுத்தாள். மறுபடி சிக்கியது. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை இவளுக்குப் பொறுமை போய்விட்டது. புத்தகத்தைப் பிடுங்கி, "ஏன்டி, கண்ணு எங்கன இருக்கு? இங்கன பாரு" என்று சொல்லிவிட்டு, வரியில் விரலை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் கடகடவென்று வாசித்து முடித்தாள். வாத்து ஒன்று மழையில் சந்தைக்குப் போன கதை. ஒரே ஒரு இடத்தில் தடுமாறினாள், தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டாள். அதட்டல் என்னுடையது, திருத்தின விதம் பெரிய டீச்சருடையது.

பெரிய டீச்சர் என் முழங்கையை அழுத்திக் கிள்ளினார். வலித்தது, நான் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபம் எப்படிச் சட்டென்று வருமோ அதே மாதிரி வந்தது.

படியில் இருந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் நேரம் காட்டியது. அந்தப் பெண் எழுந்து அட்டையை மாற்றினாள். முட்டைக்கண் மூன்றாம் வகுப்புக்கு வந்தது. அவள் தன் புத்தகத்தை எடுத்து, அம்மா முன்னால் விறைப்பாக நின்று, இப்போது வாசிக்கவா என்று கேட்டாள்.

"அதேன் கேட்டுட்டேனே" என்றார் அம்மா. பிறகு கண்ணைச் சுருக்கி மகளைப் பார்த்தார். "இம்புட்டு வாசிக்கிறவ, இத்தன நாளும் ஏன்டி வாசிக்கல?"

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக 'பார்த்து எழுது' என்று மட்டும் சொன்ன டீச்சரை, தொட்டிப் படியில் நின்ற டீச்சரை, பீரோவுக்குப் பின்னால் நின்று சாக்பீஸுக்குச் சண்டை போட்ட டீச்சர்களை, எல்லாவற்றையும் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப எங்களுக்கு முறை வரலம்மா" என்றாள். "இப்ப வந்துருச்சு."

அம்மா தலையை ஆட்டினார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்று வேன்காரருக்குச் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுத் தோட்டத்தைப் பார்த்து நடந்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். பின்னாலிருந்து யாரோ சேலையை இழுத்தார்கள்.

"டீச்சர், எங்க முறை ஓடிக்கிட்டிருக்கு" என்றாள், கடிகாரத்தைக் காட்டி.

போய் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன்.